வாசலில் வாங்கிய கையெழுத்து

நம்மவர்கள் ஒரு வீட்டுக்குப் போனால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வெயிலையும் மழையையும் பற்றிப் பேசுவார்கள். "சரி, அப்ப கிளம்பறோம்" என்று எழுந்து செருப்பில் ஒரு காலை நுழைத்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். மகளுக்கு வரன் பார்ப்பது, வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னது, அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டது எல்லாம் வாசலில்தான் வெளியே வரும். ஒரு காலில் செருப்பு, இன்னொரு கால் வெறுங்கால், ஒரு கை கதவுப் பிடியில். அந்த நிலையிலேயே முக்கால் மணி நேரம் ஓடிவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

அந்த முக்கால் மணி நேரத்தைச் சகித்துக்கொள்ளவே தன்னைப் பெற்றுப்போட்டிருக்கிறார்கள் என்று சின்ன வயதில் அவள் உறுதியாக நம்பினாள். அப்பா அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை, அம்மா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. இருவரும் கல்யாணமான கையோடு கடல் கடந்து இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அவள் பிறந்தது இங்கே. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கோட்டுக்குப் பொத்தான் போட்டு, தொப்பி மாட்டி, கழுத்தில் வியர்வை ஒழுக, நடைவழியில் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருப்பாள். மாடி விளக்கு தானாக அணையும். யாராவது கையை ஆட்டினால் மறுபடி எரியும். பெரியவர்கள் பேச்சை நிறுத்தாமலே கையை ஆட்டிக்கொள்வார்கள்.

பள்ளித் தோழிகளின் வீடுகளில் நடப்பதே வேறு. இந்த ஊர்க்காரர்கள் 'போய் வா' என்றால் போய் வரவேண்டியதுதான். ஒரு வார்த்தை, ஒரு சிரிப்பு, கதவு சாத்தியாகிவிடும். அது அவளுக்குச் சொர்க்கமாக இருந்தது. பதின்மூன்று வயதில் அவளும் அப்படியே கிளம்பக் கற்றுக்கொண்டாள். குடும்ப நண்பரான தையல்கார மாமா வீட்டில் ஒருநாள் 'வரேன் அத்தை' என்று சொல்லிவிட்டு, அத்தை வாயைத் திறப்பதற்குள் இரண்டு மாடி இறங்கிவிட்டாள். அம்மா வீட்டுக்கு வந்து குதித்தாள். கதவை முகத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றாள். அப்பா மட்டும் சிரித்துவிட்டு, அன்றிலிருந்து மகளைக் 'கடிகாரம்' என்று கூப்பிடத் தொடங்கினார்.

கடிகாரம் படித்தது, வேலைக்குப் போனது, நகராட்சி அலுவலகத்தில் நிரந்தரமானது எல்லாமே குறித்த நேரத்தில் நடந்தன. வேலை கிடைத்த நாளில் அப்பா பட்டப்பெயரை மாற்றினார். அதற்குப் பிறகு வீட்டில் அவள் 'அதிகாரி'. அதிகாரிக்கு ரெண்டு தோசை, அதிகாரி குடையை மறந்துட்டுப் போறா, அதிகாரியைக் கொஞ்சம் குப்பையைக் கொட்டச் சொல்லு.

அவள் செய்யும் வேலையை நாலு வரியில் சொல்லிவிடலாம். வயதானவர்கள், உடம்பு முடியாதவர்கள் தங்கள் வீட்டுக்கு உதவியாள் வேண்டும் என்று நகராட்சிக்கு மனுப் போடுவார்கள். அவள் அந்த வீட்டுக்குப் போவாள். கையடக்கக் கணினியில் இருபத்து மூன்று கேள்விகள் இருக்கும். தனியாகக் குளிக்க முடிகிறதா, படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடிகிறதா, கடைசியாக எப்போது விழுந்தீர்கள் என்று வரிசையாகக் கேட்பாள். கேள்வியை எழுதியிருக்கிறபடியே கேட்க வேண்டும், பதில் மனுதாரரின் வாயிலிருந்து வர வேண்டும். கடைசியில் திரையில் கையெழுத்து வாங்கியதும் படிவம் பூட்டிக்கொள்ளும். 'முடியும், முடியும்' என்று பதில் சொன்னவர்களின் மனு அத்தோடு தள்ளுபடி. அடுத்த மனுவுக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

வேலையில் சேர்ந்த புதிதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டுக்கு நாற்பது நிமிஷம், நாளுக்கு ஐந்து வீடு. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான் எப்போதும் ஓடுவாள். மேலதிகாரி மற்றவர்களிடம் அவளை உதாரணம் காட்டுவார். இந்த ஊர்க்காரர்களைவிட நான் இந்த ஊர்க்காரி என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. அதில் தப்பும் இல்லை. உழைத்துச் சம்பாதித்த கர்வம்.

ஐந்தாவது வருஷம் அந்தக் கர்வத்தில் அடி விழுந்தது.

மனுக்களின் பட்டியலில் தையல்கார மாமாவின் முகவரி வந்தது. ரத்த சொந்தம் இல்லாததால் அவளே போகலாம், போனாள். மாமாவுக்குக் கண் பார்வை பாதிக்கு மேல் போயிருந்தது, நடை தள்ளாடியது. ஆனால் கேள்வி கேட்டால் பதில் மணி மணியாக வந்தது. குளிக்க முடிகிறது, எழுந்திருக்க முடிகிறது, விழவே இல்லை. பக்கத்தில் அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டாவது நிமிஷம் கையெழுத்தாயிற்று. வாசலில் அத்தை, "ஏம்மா, அதுக்குள்ளயா? கொஞ்சம் நில்லேன்" என்றாள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது அத்தை என்று லிப்ட் பொத்தானை அழுத்தினாள் அதிகாரி. லிப்ட் உடனே வந்துவிட்டது.

ஆறு வாரம் கழித்து மாமா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதுக்கு முன்னாடியே மூணு தடவை விழுந்துட்டார்மா. அவர் எதிர்ல எப்படிச் சொல்றது? வாசல்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ லிப்ட்ல ஏறிட்ட."

அவள் காரில் போய் உட்கார்ந்து அழுதாள். மாமாவுக்காக அழுதாள், தனக்காகவும் அழுதாள். கோட்டுக்குள் வியர்த்து வழிய நின்ற அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் தனக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட ஒன்றே ஒன்றை அவள் வேண்டுமென்றே மறந்திருந்தாள். அது பழைய ஊரின் அசட்டுப் பழக்கம், தனக்கு ஒட்டாது என்று ஒதுக்கியிருந்தாள். இந்த ஊர்க்கார அதிகாரி ஒருவருக்கு அது தெரியாமல் போனால் மன்னிக்கலாம். அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் பொத்தானை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்யும் முறை மாறிப்போனது. நம்மவர்கள் வீட்டில் கேள்விகளை முடித்ததும் கையெழுத்து வாங்க மாட்டாள். கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். வாசலுக்குப் போய், ஷூவில் இல்லாத சிக்கலை உண்டாக்கி, நாடாவை அவிழ்த்து நிதானமாகக் கட்டுவாள். மேலே நிற்பவர் முதலில் அவள் அம்மா சௌக்கியமா என்று கேட்பார், பிறகு எத்தனை குழந்தைகள் என்பார். அப்புறம் "ஒண்ணுமில்லம்மா..." என்று ஆரம்பிப்பார். அந்த 'ஒண்ணுமில்ல' காதில் விழுந்ததும் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். அதற்குப் பின்னால்தான் எல்லாம் இருக்கும்.

இதே வித்தையை ஒரு முறை இந்த ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையிடம் காட்டினாள். அந்த அம்மா எல்லாவற்றையும் நாற்காலியிலேயே புட்டுப்புட்டு வைத்துவிட்டு, கை குலுக்கி, விடை கொடுத்தாயிற்று. இவளோ வாசலில் நின்று நாடாவை நோண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, ஏதாவது மறந்துவிட்டீர்களா, கழிப்பறை வேண்டுமா என்று ஆசிரியை பரிவோடு கேட்டார். அன்றிலிருந்து எந்த வீட்டில் நிற்க வேண்டும், எந்த வீட்டில் உடனே இறங்கிவிட வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. வீட்டிலும் இதே கதைதான். அவளைக் கட்டிக்கொண்டவர் இந்த ஊர்க்காரர். கல்யாணமான முதல் வருஷம் மாமியார் வீட்டில் 'கிளம்பறோம்' என்ற சொல்லை நம்பிக் கீழே போய்க் காரைக் கிளப்பி, அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்த மனிதர். இப்போது அவரே விஷயம் தெரிந்துகொண்டு, நாலு மணிக்குப் புறப்பட வேண்டுமென்றால் மூன்று மணிக்கே எழுந்து நின்று கொட்டாவி விடுகிறார்.

நீ பாதி இந்த ஊர், பாதி அந்த ஊர் என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். பாதியாவது கீதியாவது, எனக்கு ரெண்டும் முழுசாத் தெரியும் என்பாள். அது வாய்ச்சவடால் இல்லை. அவள் போய்வந்த வீடுகளில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிற கிழவர்கள் நிறையப் பேர்.

அலுவலகத்தில் அதை யார் பார்த்தார்கள்? எங்கே போனாலும் அவளுக்கு அரை மணி நேரம் கூடுதலாகிறது என்றுதான் பார்த்தார்கள். ஒரு நாள் மேலதிகாரி கூப்பிட்டு விளக்கம் கேட்டார். அவள் சளைக்கவில்லை. கதவருகே கேட்டவற்றால் முடிவு மாறிய பதினாறு கோப்புகளை மேசையில் அடுக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கையெழுத்தை வீட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள், ஆனால் இந்த வாசல் புராணத்தை இனி என் காதில் போடாதே என்று சொல்லி அனுப்பினார். வெளியே வந்தபோது பக்கத்து இருக்கைச் சிநேகிதி சிரித்தாள். அவளும் மதிப்பீட்டாளர்தான், பரம்பரையாக இந்த ஊர்க்காரி, வேலையில் கெட்டி, நாற்பது நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம் கூடப் போகாதவள். பெரியவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் அவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை, திரும்பத் திரும்பக் கிளறுவது சரியில்லை என்பது அவள் கட்சி. இருவரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதற்காகச் சண்டை போட்டுக்கொள்வார்கள், சாப்பிட்டு முடித்ததும் சேர்ந்து காபி குடிப்பார்கள்.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் பேருக்குத்தான் கூட இருந்தன. அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. முப்பது வருஷம் ஈரத் துணி மூட்டை தூக்கிய முதுகு. அந்த முதுகோடு தினமும் அப்பாவைப் படுக்கையிலிருந்து எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்திவிட்டாள். இரண்டு தடவை முதுகு பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை பிடித்தால் நீங்களும் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் தன் வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாள், இரண்டு பேரும் வரமாட்டோம் என்றார்கள். தலைகீழாய் நின்று, கடைசியில் மனுவில் கையெழுத்து வாங்கினாள். உதவியாள் கிடைத்தால் அம்மா தப்பிப்பாள், கிடைக்காவிட்டால் ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தை அம்மாவின் முதுகு தாங்காது.

ஆனால் சொந்த அப்பாவை மகள் மதிப்பிட முடியாது. சிநேகிதியின் பெயருக்கு அந்த வீடு விழுந்தது. குடும்பத்தில் ஒருத்தியாக மகள் உடன் இருக்கலாம், ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது, முன்கூட்டி மனுவைப் பற்றிச் சிநேகிதியிடம் பேசவும் கூடாது. மீறினால் மதிப்பீடே செல்லாது. விதிகளை அவள் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

அப்பாவிடம் மட்டும் ஒரு வாரமாகப் படித்துப் படித்துச் சொன்னாள். "அப்பா, வர்றவங்க விருந்தாளி இல்ல. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க." அப்பா அதற்கென்ன, சொன்னால் போச்சு என்று தலையாட்டினார்.

குறித்த நாளில் காலையிலேயே அவள் பெற்றோரின் வீட்டுக்குள் நுழைந்து திகைத்துப்போனாள். வீடு பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி இருந்தது. அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையும் கோட்டும் போட்டு, பாலிஷ் போட்ட ஷூவோடு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சுலபமாக நாற்காலியில் இரண்டு மெத்தை. அவர் நடக்கப் பிடித்துக்கொள்ளும் நாலு கால் சட்டகத்தைக் காணோம். குளியலறையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி, படுக்கையின் மேல் போடும் ரப்பர் விரிப்பு, மாத்திரை டப்பா ஒன்றையும் காணோம். எல்லாம் எங்கே என்று கேட்டாள். அம்மா முந்தானையால் மேசையைத் துடைத்துக்கொண்டே, படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் வைத்திருப்பதாகப் பெருமையோடு சொன்னாள்.

"வீட்டுக்கு ஆள் வர்றப்ப அதெல்லாம் நடுக்கூடத்துல கிடந்தா நல்லாவா இருக்கும்?"

அதிகாரி வாயைத் திறப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது.

சிநேகிதி சரியான நேரத்துக்கு வந்திருந்தாள். அப்பா இந்த ஊர் மொழியில் அழகாக வரவேற்றார். முப்பது வருஷம் தொழிற்சாலையில் பேசிய மொழி, அதில் அவருக்கு நகைச்சுவைகூட வரும். தனியாகக் குளிக்க முடிகிறதா? முடிகிறது. படுக்கையிலிருந்து எழ முடிகிறதா? பேஷாக. கடைசியாக எப்போது விழுந்தீர்கள்? கல்யாணத்தன்று, இவள் காலில், என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிநேகிதியும் சிரித்தாள். எழுந்து நின்று காட்டச் சொன்னபோது மேசை விளிம்பை வலது கையால் பற்றி, இரண்டு மெத்தையின் தயவில் ஜோராக எழுந்து நின்றார். அம்மாவின் முகத்தில் மகன் பரிசு வாங்கியதைப் பார்க்கிற களை.

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிநேகிதி ஓரிரு முறை அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டாள். ஒரு புருவம் அசைந்தாலும் அது பதில் சொன்ன மாதிரிதான்.

கடைசிக் கேள்வி கவனித்துக்கொள்கிறவருக்கு. நீங்கள் செய்கிற வேலைகளில் உங்களுக்கு உதவி வேண்டுமா என்று சிநேகிதி அம்மாவிடம் கேட்டாள். அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டு, எனக்கென்ன, ஒன்றும் வேண்டாம் என்றாள். முப்பத்தாறு நிமிஷம் ஆகியிருந்தது. சிநேகிதி திரையை அப்பாவின் பக்கம் திருப்பினாள். அப்பா கையெழுத்துப் போடச் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார்.

அதிகாரி எழுந்து நின்று கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"சரி, நேரமாச்சு. கிளம்பறேன்பா. வா, கீழ வரைக்கும் சேர்ந்தே போகலாம்" என்று சிநேகிதியின் பையையும் எடுத்துக் கையில் கொடுத்தாள். இன்னும் கையெழுத்து ஆகவில்லையே என்றாள் சிநேகிதி. வாசலில் வாங்கிக்கொள், வீட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம் என்று நம் மேலதிகாரியே சொல்லியிருக்கிறார் என்றாள் இவள். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிநேகிதி அவளைக் கூர்ந்து பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் நூறு தடவை சண்டை போட்ட விஷயம், விளங்காமல் இருக்குமா? கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். விதியில் இடம் இருந்தது. விதியில் இடம் இருக்கிற எதையும் அவள் மறுக்க மாட்டாள்.

அவ்வளவுதான், இனி அப்பா உட்கார்ந்திருக்க முடியாது. வீட்டுக்கு வந்தவர்களை வாசல்வரை வந்து அனுப்பாமல் அவர் என்றைக்குமே இருந்ததில்லை. சட்டகமோ அலமாரிக்குப் பின்னால். அம்மா ஓடிப்போய்த் தன் தோளை அவருடைய இடது கக்கத்துக்கு அடியில் கொடுத்து, இடுப்பை ஒடித்து, அவரை நிமிர்த்தினாள். கூடத்திலிருந்து வாசலுக்குப் பதினோரு அடி. அப்பா வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். இடது ஷூ தரையில் தேய்ந்துகொண்டே வந்தது. இரண்டு இடத்தில் நின்றார்கள். இரண்டாவது இடத்தில் அம்மாவின் மூச்சு கூடம் முழுக்கக் கேட்டது.

சிநேகிதி கதவருகே கை குலுக்க நீட்டிய கையை மடக்க மறந்து நின்றாள். அவள் போய்ப் பிடிக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று அப்பா சிரித்துக்கொண்டே தலையசைத்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

வாசலுக்கு வந்ததும் வலது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள். அவிழ்த்ததைக் கட்டி, மறுபடி அவிழ்த்தாள். மேலே அம்மாவின் குரல் கேட்டது. தட்டுத்தடுமாறி இந்த ஊர் மொழியில், உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டாள். இரண்டு என்றாள் சிநேகிதி. பெரியது பள்ளிக்கூடம் போகிறதா? போகிறது. வீடு தூரமா? இல்லை, பக்கம்தான். வேறு நாளாக இருந்தால் சிநேகிதி இதற்குள் லிப்டில் இறங்கிப் பாதி தெருவைத் தாண்டியிருப்பாள். அன்று பையைத் தரையில் வைத்தாள்.

"ஒண்ணுமில்ல..." என்றாள் அம்மா. அதைத் தன் மொழியில் சொல்லிவிட்டாள். பிறகு இந்த ஊர் மொழிக்கு மாறினாள். "காலையில இவரைத் தூக்கி உட்கார வைக்கிறேன். சில நாள் பாதி தூக்கினதும் கை நடுங்குது. விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு."

என்ன பேசுகிறாய், அவர்களுக்கு நேரமாகிறது என்று அப்பா அதட்டினார். அம்மா அவர் பக்கம் திரும்பினாள். இப்போது பேசியது வீட்டு மொழியில்.

"என்னால முடியலங்க."

நாற்பத்தைந்து வருஷத்தில் அம்மா அந்தச் சொல்லைச் சொல்லி அப்பா கேட்டதில்லை. மகளும் கேட்டதில்லை. மாடி விளக்கு அணைந்தது, யாரும் கையை ஆட்டவில்லை. அப்பா கொஞ்ச நேரம் அம்மாவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முழுப் பாரமும் இன்னும் அதன் மேல்தான் இருந்தது. அதை அப்போதுதான் கவனித்தவர் போல மெதுவாக உடம்பை நகர்த்திச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஒரு நாற்காலி கொண்டா" என்றார் மகளிடம். அவள் கொண்டுவந்து வாசலிலேயே போட்டாள். அதில் உட்கார்ந்து, கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, சிநேகிதியை நிமிர்ந்து பார்த்தார். "முதல்லேர்ந்து கேளுங்க. இந்தத் தடவை ஒழுங்கா சொல்றேன்."

சிநேகிதி படிவத்தின் முதல் பக்கத்துக்குப் போனாள். கதவுக்கு எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றபடியே இருபத்து மூன்று கேள்விகளையும் மறுபடி கேட்டாள், எழுதியிருக்கிறபடியே, ஒரு சொல் மாற்றாமல். தனியாகக் குளிக்க முடிகிறதா? இல்லை, இவள்தான் குளிப்பாட்டுகிறாள். எழ முடிகிறதா? இல்லை. கடைசியாக எப்போது விழுந்தீர்கள்? செவ்வாய்க்கிழமை. அது மகளுக்கே தெரியாது. ஒவ்வொரு 'இல்லை'யையும் சொல்ல அவர் பட்ட பாடு, பதினோரு அடி நடந்து வந்ததைவிட அதிகம். அதிகாரி ஒரு காலில் ஷூவோடு தரையில் உட்கார்ந்து, முகத்தை மறைக்காமல் அழுதாள். அழக் கூடாது என்று விதியில் இல்லை.

கடைசிக் கேள்வி வந்தது. சிநேகிதி அம்மாவின் பக்கம் திரும்பினாள். நீங்கள் செய்கிற வேலைகளில் உங்களுக்கு உதவி வேண்டுமா?

அம்மா பழக்கதோஷத்தில் அப்பாவைப் பார்த்தாள். அவர் முந்திக்கொண்டு, வேணும்னு போடுங்க என்றார். சிநேகிதி விரலைத் திரையில் வைக்கவில்லை. அதை அவர்களே சொல்ல வேண்டும் என்றாள் மரியாதையாக. பிறகு அவசரம் ஒன்றும் இல்லாதவளாக, பையை இன்னும் கொஞ்சம் சுவரோரமாகத் தள்ளிவைத்துவிட்டு, காத்திருந்தாள்.

"வேணும்" என்றாள் அம்மா.